ஐம்பதுக்குக் கீழே

அமல்ராணி ஒருவரைத் தினமும் நினைத்தாள். காலையில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறும்போது தொடங்கும் நினைப்பு மயிலம், பேரணி, விக்கிரவாண்டி என்று கூடவே வந்து விழுப்புரத்தில் அவளோடு இறங்கும். அன்பினால் வந்த நினைப்பாக இருந்திருந்தால் இத்தனை ஒழுங்காக வந்திருக்காது.

அந்த ஒருவர் டாக்டர் தாண்டவராயன். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர். அவரிடம் அவள் மூன்று வருடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். இப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். ப்யூரெட்டில் அளவு பார்க்கப் பையன்களுக்குச் சொல்லித் தருவாள், உடைந்த பிப்பெட்டுக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவாள். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, அதற்குத் தாண்டவராயனைக் காரணம் சொல்ல முடியாது என்றாலும் அவள் மனதில் அதுவும் அவர் மேல்தான் ஏறியிருந்தது.

அவள் அப்பா சவரிநாதன் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் குத்தூசியைச் சாக்கில் செருகி, உள்ளேயிருந்து ஒரு கை காயை எடுத்துப் பார்ப்பார். எடை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டால், "ஈரக் காயும் எடை நிக்கும், மண்ணும் எடை நிக்கும். உள்ளாற இன்னா இருக்குதுன்னு தராசு சொல்லுமா?" என்பார். மகள் சென்னையில் செய்த வேலை இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. அதை நிறை நிறமாலைமானி என்ற பெரிய இயந்திரத்துக்குள் விட்டு, மின்னேற்றம் கொடுத்து, உடைத்தால், உடைந்த துண்டுகளை அது ஒவ்வொன்றாக எடை போடும். நீளக் காகிதத்தில் கோடுகள் விழும். எந்த எடையில் கோடு, எத்தனை உயரக் கோடு என்பதை வைத்து, உடைந்தது எது, எங்கே உடைந்தது என்று சொல்ல வேண்டும். இயந்திரம் எடையைச் சொல்லும். துண்டின் வடிவத்தைச் சொல்லாது. அதை மனிதன்தான் யோசிக்க வேண்டும்.

சங்கிலியின் தலைப்பக்கம் உடைந்து வரும் துண்டு எப்படி இருக்கும் என்பதில்தான் அவளுக்கும் தாண்டவராயனுக்கும் தகராறு. உடைந்த முனை திறந்தபடியே நேராக நிற்கிறது என்றார் அவர். அன்றைக்குப் பெரும்பாலோர் அப்படித்தான் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணி மட்டும் உள்ள துண்டு அப்படித் திறந்து நின்றால் உடனே இருபத்தெட்டு எடையுள்ள கார்பன் மோனாக்சைடை உதறிவிடும். உயிரோடு தராசுக்கு வந்து சேராது. பின்னால் இன்னொரு ஆக்சிஜன் இருந்தால்தான் அது வளைந்து வந்து திறந்த முனையைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து அணு கொண்ட வளையமாகும். வளையமானதுதான் பிழைக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து அவர் மேசையில் வைத்தாள்.

தாண்டவராயன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"படம் நல்லா வரையறே. டிராயிங் டீச்சர் வேலைக்கு அப்ளிகேஷன் போடேன்."

அறையில் இருந்த அரங்கநாதன் சிரித்தான். அவன் அவளுக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவன். பேராசிரியர் எப்போது சிரிக்க வேண்டும் என்று நினைக்கிறார் என்பதில் மட்டும் அவளுக்குப் பல வருடம் முன்னால் இருந்தவன்.

எண்பத்து மூன்று மே மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போனாள். அப்பா பிழைத்தார். திரும்பிப் போனபோது அவள் மேசையில் அரங்கநாதன் உட்கார்ந்திருந்தான். நோட்டுப் புத்தகம் பேராசிரியர் அலமாரியில். அவள் கையால் செய்த நாற்பது சொச்சம் குப்பிகளிலும் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, அரங்கநாதன் எழுத்தில் புது லேபிள் ஒட்டியிருந்தது.

"வேலை நிக்கக் கூடாது இல்லையா. நீ வருவியோ மாட்டியோன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தாண்டவராயன்.

அவள் மறு வாரம் பெட்டியைக் கட்டினாள். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை என்பதைப் பொறுமை என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். அது பொறுமை அல்ல. என்ன சொல்வது என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெரிய வந்தது எண்பத்து நாலு மே மாதம், புதுச்சேரியில் ஒரு நூலகத்தில். கப்பலில் தாமதமாக வந்து சேர்ந்த ஜனவரி மாத ஆய்விதழைப் புரட்டியவள் தாண்டவராயன், அரங்கநாதன் என்ற இரு பெயர்களைப் பார்த்தாள். நன்றி சொல்லும் இடத்தில்கூட மூன்றாவது பெயர் இல்லை. வேலின் என்ற அமிலத்தில் தொடங்கும் சங்கிலியை உடைத்ததில் அதன் தலைத்துண்டு நூறு எடையில் திடமாக நிற்கிறது. திறந்த முனையுள்ள துண்டு தனியாக நிற்பதை முதன்முதலில் கண்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். படத்தில் நூறில் ஒரு கோடு, தென்னை மரம் மாதிரி.

அமல்ராணி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நூலகத்தில் சத்தமாகச் சிரித்தாள். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வேலின் சங்கிலி இருந்த குப்பி சென்னையிலேயே இல்லை. விடுப்பில் போகும் முன் அதை வேறோர் ஊருக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். அது பதிவுத் தபாலில் திண்டிவனம் வீட்டு விலாசத்துக்கே திரும்பி வந்திருந்தது. அவள் எழுத்தில் லேபிளோடு, 12-3-83 என்ற தேதியோடு, அவள் துணிப்பெட்டியில் இருந்தது.

சென்னையில் இருந்தது இன்னொன்று. கிளைசின் என்ற சிறிய அமிலத்தில் தொடங்கி, அதன் தலையில் அசிட்டைல் என்ற தொப்பி வைத்த சங்கிலி. தொப்பி வைத்த கிளைசினும் தொப்பி இல்லாத வேலினும் ஒரே எடை. முழுச் சங்கிலியும் ஒரே எடை, தலைத்துண்டும் ஒரே எடை, நூறு. லேபிளை உரித்த பிறகு எந்தக் குப்பி எது என்று தெரியாமல் போயிருக்கிறது. எடை போட்டுப் பார்த்து, அவள் நோட்டில் அந்த எடையைத் தேடியிருக்கிறார்கள். முதலில் பொருந்தியது வேலின். பதினேழு பக்கம் தள்ளி அதே எடையில் இன்னொன்று இருந்தது. அவ்வளவு தூரம் யாரும் புரட்டவில்லை.

தொப்பியில் ஓர் ஆக்சிஜன் உண்டு. அது வளைந்து பிடிக்கும். வளையமாகும். அதனால்தான் அந்தத் துண்டு நின்றது. தாண்டவராயன் தன் கொள்கைக்குச் சாட்சியாக அச்சடித்தது அவள் கொள்கைக்குச் சாட்சி.

அவர்கள் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. நூறு எடைத் துண்டை மட்டும் தனியே எடுத்து மறுபடி உடைத்தால், அது வேலினோ தொப்பி வைத்ததோ, எதுவானாலும் இருபத்தெட்டை உதறி எழுபத்திரண்டைக் கொடுக்கும். ஆனால் தொப்பி வைத்தது அதற்கும் கீழே போய் முப்பதில் ஒரு கோடு போடும். அது கிளைசினின் கையெழுத்து. தாண்டவராயன் எப்போதும் இயந்திரத்தை ஐம்பதில் நிறுத்திவிடுவார். "ஐம்பதுக்குக் கீழே குப்பை" என்பார்.

அன்றிரவே ஆய்விதழ் ஆசிரியருக்கு ஓர் ஏரோகிராம் எழுதினாள். அரைப் பக்கம் போதுமானதாக இருந்தது. அனுப்பவில்லை. பைபிளுக்குள் வைத்தாள்.

இங்கே அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டு மேலே போக முடியாது. கடிதம் போனால் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும். தாண்டவராயன் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி எழுதி எழுந்து போய்விடுவார். அவர் இன்னும் மேலே ஏறட்டும் என்று அவள் விரும்பினாள். அந்தப் பொய்யின் மேல் இன்னும் இரண்டு மாடி கட்டட்டும். பிறகு பலர் பார்க்க, அவர் வாயாலேயே, லேபிளை உரித்தேன் என்று சொல்ல வேண்டும். உண்மை அவளிடம் இருந்தது. ஆனால் அவள் அதை ஒரு கல்லாகத்தான் வைத்திருந்தாள். எறிவதற்கு நல்ல இடம் கிடைக்கும்வரை கீழே வைக்க மனமில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் வகுப்பு தொடங்கும் முன் ஒன்றரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். அதில் மறுபடி சங்கிலிகளைக் கோத்தாள். தொப்பி வைத்தது, வைக்காதது, இரண்டும். கூடவே அந்த வளையத்தையே தனியாகச் செய்தாள். ஈரக்காற்று பட்டால் கெட்டுப்போகும் பொருள். கண்ணாடிக் குழாயின் வாயை உருக்கி அடைத்து அனுப்ப வேண்டும். முதல் இரண்டு முறை வழியிலேயே வீணானது.

ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் குப்பம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, காலங்காத்தால எலி செத்த நாத்தம். எதுக்கு இந்தப் பொடியெல்லாம் பண்ணிக்கினு கீறீங்க?"

"ஒருத்தர் வாயை அடைக்க."

"அதுக்கு ஒரு கொழுக்கட்டை போதாதா?"

"பெரிய வாய், குப்பம்மா."

"எம் மாமியா வாயவிடவா?" குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இத்துனூண்டு. ஜல்தி முடிங்க, ஒன்பது மணிக்குப் பசங்க வந்து பேஜார் பண்ணுவானுங்க."

வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருந்த பழைய தோழி அவற்றை இயந்திரத்தில் ஓட்டித் தந்தாள். இருபதிலிருந்து ஓட்டு என்று அமல்ராணி கேட்டிருந்தாள். எண்பத்தாறு நவம்பரில் காகிதச் சுருள் வந்தது. உண்மையான வேலினில் நூறில் ஒன்றும் இல்லை, எழுபத்திரண்டு மட்டும். தொப்பி வைத்ததில் நூறு. அதை உடைத்தால் எழுபத்திரண்டு, முப்பது. கையால் செய்த வளையத்தை உடைத்தாலும் அதே எழுபத்திரண்டு, அதே முப்பது, கோட்டுக்குக் கோடு அதே உயரம். வடிவத்தை இயந்திரம் சொல்லாது. ஆனால் ஒரே மாதிரி உடையும் இரண்டை வேறு வேறு என்று சொல்லவும் யாராலும் முடியாது.

இடமும் தானாக வந்தது. எண்பத்தேழு பிப்ரவரி பதினாலாம் தேதி கல்லூரி வேதியியல் மன்றத் தொடக்க விழாவுக்குத் தாண்டவராயன் சிறப்பு விருந்தினர். அவர் நிலையத்துக்கு இயக்குநராகப் போகிறார் என்று பேச்சு இருந்தது. ஸ்லைடு புரொஜெக்டரை இயக்க டெமான்ஸ்ட்ரேட்டர் அமல்ராணியைப் பிரின்சிபால் நியமித்தார்.

தாண்டவராயன் அவளைக் கண்டுகொண்டார். "அட, நீயா. இங்கதான் இருக்கியா? நல்லது, நல்லது. பசங்களுக்குச் சொல்லித் தர்றதும் ஒரு சேவைதான்." ஸ்லைடு பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "தலைகீழா போட்டுடாதே."

அவரோடு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். பெயர் அம்சா. செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்துப் பெண். கூட்டம் முடிந்ததும் அப்படியே ஊருக்குப் போய்விட்டு வரலாம் என்று வந்தவள். கண்ணுக்குக் கீழே கருமை. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஏழாவது ஸ்லைடு தென்னை மரக் கோடு. தாண்டவராயன் அதைக் குச்சியால் தொட்டு, "இதுதான் உலகத்துக்கு நாங்க காட்டினது" என்றார். "நெக்ஸ்ட்."

அமல்ராணி தன் ஸ்லைடைத் தள்ளினாள். ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். வேலின் சங்கிலி, நூறில் வெறும் காகிதம். மூலையில் ஒரு குப்பியும் அதன் லேபிளும்.

"இது என் ஸ்லைடு இல்லையே. மாத்தும்மா."

மாற்றினாள். தொப்பி வைத்தது. நூறு, எழுபத்திரண்டு, முப்பது. மறுபடி மாற்றினாள். கையால் செய்த வளையம், பக்கத்தில் அதன் படம். டிராயிங் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்ன அதே படம்.

அவர் குச்சி கீழே இறங்கியது. ஸ்லைடைப் பார்த்தார், லேபிளின் தேதி நினைவில் வந்ததோ என்னவோ, திரும்பிப் புரொஜெக்டர் பக்கம் பார்த்தார். மூன்று வருடம் அவள் காத்திருந்தது அந்த முகத்துக்காக. வெளிச்சம் கண்ணில் அடித்ததால் அவளுக்கு அது சரியாகத் தெரியவில்லை.

அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். பி.எஸ்ஸி. மாணவர்கள், பிரின்சிபால், தாவரவியல்காரர்கள். ஒருவருக்கும் எதுவும் புரியவில்லை. "கரண்ட் பிரச்சினையா?" என்று பிரின்சிபால் கேட்டார். பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஊரையே கூட்டி வைத்து உடைத்தாள். ஊருக்கு அது படிக்கத் தெரியாத எழுத்து.

மூன்றாம் வரிசையில் அம்சா மட்டும் எழுந்து நின்றிருந்தாள்.

"சார். முப்பது."

"உக்காரும்மா."

"நாம ஐம்பதுலயே நிறுத்திட்டோம் சார்."

"உக்காருன்னேன்."

அவள் உட்காரவில்லை.

கூட்டம் முடிந்து ஆசிரியர் அறையில் தாண்டவராயன் தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வெளியே போனதும் கேட்டார்.

"என்ன வேணும் உனக்கு?"

"திருத்தம் எழுதுங்க."

"எழுதறேன். உன் பேரையும் போடறேன். முதல் பேரா போடறேன், போதுமா? பட்டத்துக்கும் வழி பண்றேன்."

கேட்டதைவிட அதிகம் கொடுத்தார். அரை நிமிடம் அவள் பேசவில்லை. அந்த அரை நிமிடத்தைப் பிறகு அவள் தன்னிடமே ஒத்துக்கொண்டதில்லை.

"என் பேர் வேணாம் சார். லேபிளை உரிச்சோம்னு எழுதுங்க."

"பைத்தியமா உனக்கு? எந்த ஜர்னல்ல அதெல்லாம் போடுவாங்க?"

"அது இல்லாம தப்பு எப்படி வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"கவனக்குறைவுன்னு சொல்லுவேன்."

"கவனமாத்தான் சார் உரிச்சிருந்தீங்க. ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கல."

அவர் எழுந்து காருக்குப் போனார்.

அம்சா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அமல்ராணி சுருளையும் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு, லேபிளை உரித்த கதையையும் ஆசிரியர் அறையில் தான் கேட்டதையும் சொல்லியபடி கூடவே போனாள். கடைசியில் தன்னைப் புரிந்துகொண்ட ஒருத்தி கிடைத்தாள் என்ற மகிழ்ச்சி அவளுக்கு. பாராட்டைக்கூட எதிர்பார்த்திருக்கலாம்.

"நாப்பத்தாறு தடவை அந்த வேலினைப் பண்ணியிருக்கேன் அக்கா," என்றாள் அம்சா. "நூறு வரவே வராது. சார் என் கையைப் புடிச்சித் திருப்பிப் பார்ப்பாரு. 'உன் கை சரியில்ல, உங்க ஊர்ல களை பறிக்கத்தான் லாயக்கு'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுவாரு. வர்ற ஜூனோட ஸ்காலர்ஷிப்பை நிறுத்தப் போறாங்க."

"உன் கை சரியாத்தான் இருந்திருக்குது. வராததுதான் சரி."

"அது இப்பத் தெரியுது." அனந்தபுரம் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அமல்ராணி பொய் சொல்லியிருக்கலாம். சுருள் வந்த நவம்பரைச் சொன்னாலும் முழுப் பொய் ஆகாது.

"எண்பத்தி நாலு மே."

"நான் எண்பத்தி நாலு ஜூலைல சேர்ந்தேன்."

கண்டக்டர் படியில் நின்று செஞ்சி, அனந்தபுரம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

"ஒரு கார்டு போட்டிருந்தா போதும்," என்றாள் அம்சா. "சாருக்கு என் மேல கோவம் கிடையாது அக்கா. நான் யாருன்னே அவருக்கு நெனப்பு இருக்காது. நீங்களும் அப்படித்தான். அவரை அடிக்க வச்சிருந்தீங்க, நடுவுல யாரு நிக்கறாங்கன்னு பார்க்கல."

"நீ அங்க இருக்கறது எனக்குத் தெரியாது."

"யாரோ ஒருத்தர் இருப்பாங்கன்னு தெரியுமில்ல?"

அமல்ராணி பையைத் திறந்தாள். சுருளைக் கொடுத்தாள். குப்பியைக் கொடுக்கக் கை தயங்கியது. அது ஒன்றுதான் லேபிளோடு இருந்த குப்பி; அதை விட்டால் தாண்டவராயன் மேல் எறிய அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. அம்சா கையை நீட்டியபடியே நின்றாள். நீட்டிய கையில் அவசரமோ கெஞ்சலோ இல்லை.

கொடுத்தாள்.

அம்சா லேபிளைப் படித்தாள். "உங்க பேரைப் போடறேன். நீங்க கேட்டதையும் போடறேன். எனக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் போடுவேன்."

"போடு."

அம்சா ஏறியதும் பஸ் போனது. திண்டிவனத்துக்குத் திரும்பும் ரயிலில் அன்று அமல்ராணிக்குத் தாண்டவராயன் நினைப்பு வரவில்லை. நாற்பத்தாறு என்ற எண்தான் வந்தது.

அம்சா சென்னையில் என்ன செய்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. சுருளின் நகலைத் தாண்டவராயன் மேசையில் வைத்து, உள்ளதை எழுதிய என் ஆய்வேட்டில் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் இது நேராக இதழுக்குப் போகும் என்றிருக்கிறாள். இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போனது. அதற்கு இதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. தாண்டவராயன் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்.

எண்பத்தொன்பதில் அம்சாவின் ஆய்வேடு கல்லூரி விலாசத்துக்கு வந்தது. கடிதம் எதுவும் இல்லை. அமல்ராணி அதைத் திண்டிவனம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தாள்.

முதல் பக்கத்தில் இதில் உள்ளவை அனைத்தும் உண்மை என்று தாண்டவராயன் கையெழுத்து. மூன்றாம் அத்தியாயத்தில் வளையம், அவள் வரைந்தபடியே, கீழே அவள் பெயர். அதற்கு ஓர் அடிக்குறிப்பு: 'முந்தைய கட்டுரையில் பயன்பட்ட பொருள்களின் லேபிள்கள் தயாரித்தவர் இல்லாதபோது அகற்றப்பட்டதால் பொருள் மாறியது.' மூன்று வருடம் காத்திருந்து அவள் கேட்ட வாக்கியம். அவர் கையெழுத்துக்குள் அது அடங்கியிருந்தது. இரண்டு முறை படித்தாள்.

பக்கத்தைத் திருப்பினாள். பொருள்களின் அட்டவணை. மற்றவர்கள் ஆய்வேடுகளில் இல்லாத நான்கு கட்டங்கள் இதில் இருந்தன. வேலின் சங்கிலி. தயாரித்தவர்: எஸ். அமல்ராணி. தயாரித்த நாள்: 12-3-83. பிழை தயாரித்தவருக்குத் தெரிந்தது: மே 1984. ஆய்வுக்குத் தரப்பட்டது: 14-2-87. அதற்கு அடிக்குறிப்பு இல்லை. வசை இல்லை. கழித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விக்கிரவாண்டியில் வண்டி நின்று கிளம்பியது. அமல்ராணி அந்தக் கட்டங்களில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று தேடினாள். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. மயிலம் தாண்டியும் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.